மூன்றாவது அச்சு

முதலில் தலை வெளியே வரும். பிறகு கழுத்து. வண்டி நீளமானதாக இருந்தால் தோள் வரைக்கும் சன்னலைத் தாண்டிவிடும். முகவாயை மட்டும் அசைத்து முன் சக்கரம், நடுச் சக்கரம், பின் சக்கரம் என்று எண்ணிக்கொண்டே போவாள். எண்ணி முடிந்ததும் ஆமைபோல எல்லாம் உள்ளே போய்விடும். "மூணு அச்சு" என்பாள், தராசைப் பார்த்து எடை சொல்கிற காய்கறிக்காரரின் குரலில். அதற்குமேல் பேரம் கிடையாது.

கூண்டுக்குள் அவள் முன்னால் ஒரு திரை இருக்கிறது. வரும் வண்டியின் பக்கவாட்டுத் தோற்றத்தை அதுவே காட்டும். தலையை நீட்டவே தேவையில்லை என்று சூப்பர்வைசர் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். "டிவியில சக்கரம் தெரியுது சார். அது நசுங்குறது தெரியுதா?" என்று கேட்பாள். அவர் மீண்டும் ஒருமுறை திரையைப் பார்த்துவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

பாலத்துச் சுங்கச்சாவடியில் அவளுக்கு அச்சக்கா என்று பெயர். ஒரு ஜோடிச் சக்கரத்தைத் தாங்கி நிற்கிற குறுக்குத் தண்டுதான் அச்சு. கடக்க வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதர், வண்டி எவ்வளவு பளபளப்பு என்பதெல்லாம் இங்கே செல்லாது. எத்தனை அச்சு, அவ்வளவுதான் கேள்வி. அவளுடைய சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருக்கிறது. அந்த அட்டையோ எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டே தொங்குவதால் யாரும் படித்ததில்லை. இடுப்பில் இரண்டு கைக்குட்டைகளைச் செருகியிருப்பாள். ஒன்று புகைக்கு, இன்னொன்று தூசிக்கு.

கூண்டுக்கு மேலே கட்டணப் பலகை. இரு சக்கர வண்டி இலவசம். பிறகு கார், வேன், பஸ், இரண்டு அச்சு லாரி, மூன்று அச்சு லாரி, அதற்கும் மேற்பட்டவை. பலகையை எழுதியவர் உலகத்தில் இவ்வளவுதான் வண்டி என்று நம்பியிருக்கிறார், பாவம். அச்சக்காவின் வரிசையிலோ நாள் தவறாமல் பலகையில் இல்லாத ஒன்று வந்து நிற்கும். சாலை போடுகிற உருளை வண்டி ஒருநாள் ஆடி அசைந்து வந்தது. அதற்கு டயரே கிடையாது.

"உருளுதா இல்லையா?"

"உருளுதுக்கா."

"அப்போ ரெண்டு அச்சு."

பழுதான காரைக் கயிறு கட்டி இழுத்து வந்த ஒருவர், "செத்த வண்டிக்கும் காசா?" என்று சண்டைக்கு வந்தார். "தூக்கிட்டு வந்தா காசு இல்ல. உருட்டிட்டு வந்தா உண்டு" என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். பெட்ரோல் தீர்ந்த காரை அப்பா, அம்மா, மகள் மூவரும் வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் அவள் சற்று யோசித்தாள். "நடந்து வர்றவங்களுக்குக் கட்டணம் இல்ல. போங்க. ஆனா அந்தக் கரை வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது, சொல்லிட்டேன்" என்று தடுப்புக்கம்பைத் தூக்கிவிட்டாள். அவர்கள் நன்றி சொன்னார்களா திட்டினார்களா என்பது மூச்சு வாங்கியதில் சரியாகக் கேட்கவில்லை.

லாரிக்கு ஏன் அதிகம், காருக்கு ஏன் குறைவு என்பதற்கு அவளிடம் ஒரு முழு விளக்கம் தயாராக இருக்கிறது. பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், கம்பியும் ஜல்லியும் ஏற்றி வந்த லாரிகளுக்கு வாசல் திறந்துவிடுகிற வேலை அவளுக்கு. அப்போது ஒரு பொறியாளர் தேநீர்க் குவளையோடு நின்றபடி, "கார் மட்டும் போறதுன்னா இந்தத் தூணுக்குப் பாதிக் கம்பி போதும்மா. மிச்சம் முழுக்க லாரிக்காகத்தான்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் அச்சக்கா ஒரு மாடி வீடே கட்டிவிட்டாள். அவர் இன்று வந்து கேட்டால், நானா இதைச் சொன்னேன் என்று தலையைச் சொறிவார்.

"தையக்காரர்கிட்ட போறீங்க. ஒல்லியா இருக்கிறவருக்கு ஒரு துணி, உங்களுக்கு ரெண்டு மடங்கு துணி. ஒரே விலையா சொல்லுவாரு? பாலமும் அப்படித்தான். உங்களுக்குன்னு தைச்சது இது" என்பாள் லாரிக்காரர்களிடம். உடம்பு பெருத்த ஓட்டுநர்கள் இதைக் கேட்டுவிட்டுத் தங்கள் வயிற்றைத் தடவிக்கொள்வார்கள். காரில் வருகிறவர், "அப்போ எங்களுக்குப் பாதிக் கம்பிதானே? எங்ககிட்ட ஏன் வாங்குறீங்க?" என்று மடக்கினால், "பாதிக் கம்பி போதும் சார். பாதிப் பாலம் போதுமா?" என்பாள். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் மட்டும் விடவில்லை. எங்களுக்கு இலவசம் என்றால் எங்களுக்காக ஒன்றுமே கட்டவில்லையா என்று வருத்தமாகவே கேட்டார். "கைப்பிடிச் சுவர் கட்டியிருக்கு தம்பி. பார்த்துப் போங்க" என்றாள்.

இந்தக் கணக்கு வீட்டுக்குள்ளும் நடக்கும். உடம்பு கனத்த சித்தப்பா வருகிறார் என்று தெரிந்தால், பிரம்பு நாற்காலி உள்ளே போய் இரும்பு நாற்காலி வெளியே வரும். "அவரு மூணு அச்சு. இது தாங்காது" என்பாள். அவள் கணவர் வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கிற கடை வைத்திருக்கிறார். வாயில் எப்போதும் ஊசியோ நூலோ இருப்பதால் பேச்சு குறைவு. வீட்டுச் செலவைப் பற்றி அவள் ஆரம்பித்தால், "நான் டூவீலர். எனக்கு இலவசம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

எதிலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று இருக்கிற இவளுக்கு ஒரே ஓர் இடத்தில் கணக்கு இடித்தது. அந்த இடம் அவள் தம்பி.

அம்மா வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் அந்தத் தம்பியின் வாயில் பால்புட்டியைப் பிடித்திருந்த கை இவளுடையது. பள்ளிக்கூடம் போகிற வயது வந்தும் அவன் புட்டியை விடவில்லை. ஒளித்து வைத்தால் வீட்டையே இரண்டாக்குவான். அதனால் புட்டிப்பால் என்று பெயர் வைத்தவளும் இவளே. பதிலுக்கு அவனும் இவளுக்கு ஒரு பெயர் வைத்தான். அதைச் சொன்னால் முதுகில் அடி விழும் என்பது அக்காள் தம்பிக்குள் ஒப்பந்தம். என்ன பெயர் என்பது அவள் கணவருக்கே இதுவரை தெரியாது. கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டார்.

இப்போது தம்பிக்கு முறுக்கிய மீசை, கடன் அடைந்த சொந்த லாரி, மனைவி, தத்தித் தத்தி நடக்கிற ஒரு பெண் குழந்தை. வீடு ஆற்றுக்கு அக்கரையில். சாவடியில் மற்ற வரிசைகள் காலியாகக் கிடந்தாலும் அவன் லாரி அக்காவின் வரிசையில்தான் வந்து நிற்கும். தலை வெளியே வருவதற்கு முன்பே, "எண்ணிக்கோ எண்ணிக்கோ, நேத்து இருந்ததுதான் இன்னிக்கும் இருக்கு" என்பான். அதைக் கேட்டும் அவள் எண்ணாமல் விட்டதில்லை.

அவனுடைய லாரிக்கு மூன்று அச்சு. மூன்றாவதைத் தேவையில்லாதபோது தரையிலிருந்து தூக்கிக்கொள்ளலாம். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பொத்தான். அழுத்தினால் புஸ்ஸென்று காற்றுச் சத்தத்தோடு அந்தச் சக்கரங்கள் மேலே போய்விடும். வண்டி காலியாக இருந்தால் இப்படித் தூக்கிக்கொண்டு வரலாம், தரையில் படுகிற சக்கரத்துக்கு மட்டும் கட்டினால் போதும் என்பது பாலத்து விதி. சரக்கு இருந்தால் தூக்கக் கூடாது. தூக்கினால் மூன்று அச்சு சுமக்க வேண்டியதை இரண்டு அச்சு சுமக்கும். அத்தனை கனமும் ஓரிடத்தில் பாலத்தை அழுத்தும்.

ஒருநாள் பிற்பகலில் தம்பி வந்தான். நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தான். மூன்றாவது அச்சு மேலே இருந்தது.

"அக்கா, இன்னிக்கு ரெண்டு போடுக்கா."

அச்சக்காவின் தலையும் கழுத்தும் தோளும் வெளியே வந்தன. கீழே இருந்த டயர்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன.

"என்னடா சரக்கு?"

"பஞ்சு."

"பஞ்சா? டயர் இப்படி நசுங்குதே, ஆத்துல முக்கி எடுத்துட்டு வந்தியா?"

"ஒரு நாளைக்குத்தானேக்கா. டயர் வேற மாத்தணும், கை காலி. கண்டுக்காத."

அவன் உண்மையில் ஏற்றியிருந்தது தரைக்குப் போடுகிற ஓடு. அது அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அவளுக்குக் கோபம் காசினால் வரவில்லை. மற்ற எல்லாரையும்போல இவனும் பொய் சொல்கிறானே, அதுவும் என்னிடம் என்று வந்த கோபம் அது. கோபம் வந்தால் அவளுக்குச் சாவடி மறைந்து பழைய சமையலறை வந்துவிடும்.

"டேய் புட்டிப்பால்! மரியாதையா அச்சை இறக்குடா. அஞ்சு வயசு வரைக்கும் புட்டியை விட மாட்டேன்னு தரையில உருண்டு அடம் புடிச்சியே, அதே அடம் இன்னும் போகல பாரு உனக்கு!"

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் யானை ஒலிபெருக்கியில் சறுக்குவதில்லை. சற்று முன்புதான் அவள் பின்னால் நின்ற தண்ணீர் லாரியைத் தள்ளி நிற்கச் சொல்ல மைக்கைப் போட்டிருந்தாள். அணைக்க மறந்துவிட்டாள். கூரையில் இருக்கும் குழாய் ஸ்பீக்கர் அவள் சொன்னதை ஓர் எழுத்துக்கூடச் சிந்தாமல் எல்லா வரிசைகளுக்கும் பரிமாறியது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு லாரி, பசித்த குழந்தை அழுவதுபோல நீட்டி ஹாரன் அடித்தது. அதோடு சிரிப்பு வெடித்தது.

தம்பியின் முகம் மீசை நுனி வரை சிவந்தது. பொத்தானை அழுத்தினான். புஸ்ஸென்று அச்சு இறங்கியது. மூன்று அச்சுக்கும் கட்டிவிட்டு ரசீதைக்கூட வாங்காமல் போனான்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. லாரிக்காரர்களின் வாயை மூட எந்த மூடியும் இல்லை. சரக்கு ஏற்றும் இடத்தில், "புட்டிப்பால் வண்டி முன்னாடி வரட்டும்" என்று அழைத்தார்கள். லாரியின் பின்கதவுத் தூசியில் யாரோ விரலால் ஒரு பால்புட்டி வரைந்து, அதற்கு மீசையும் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கண்ணாடியில் ஒருநாள் நிஜமான புட்டியே தொங்கியது. தம்பி அக்காவின் வரிசைக்கு வருவதை நிறுத்தினான். பிறகு பாலத்துக்கு வருவதையே நிறுத்தினான். ஆற்றின் மேல்பக்கம், குழியும் மேடுமான பழைய சாலையில் சுற்றிப் போனால் ஒரு தரைப்பாலம் வரும். தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற, கைப்பிடிச் சுவரில்லாத குட்டைப் பாலம். அந்த வழியாகவே போய்வரத் தொடங்கினான். சுங்கத்தில் மிச்சமானதைவிட டீசலில் அதிகம் போயிற்று. வீம்புக்கு விலை உண்டா?

இதையெல்லாம் அச்சக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னவள் தம்பியின் மனைவி.

"அண்ணி, அவர் ஒண்ணு கேக்கச் சொன்னார். உனக்குத் தம்பி பெருசா, பாலம் பெருசான்னு."

"தம்பிக்கு நான் இருக்கேன், நீ இருக்கே. பாலத்துக்கு யாரும்மா இருக்கா?"

சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு அடுப்படியில் நின்று அழுதாள். கணவர் வாயிலிருந்த ஊசியை எடுத்துச் சட்டைக் காலரில் குத்திவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அந்த அழுகையில் பாதி கோபம், மீதி முழுக்கப் பாசம்.

விடுமுறை நாளில் அக்கரைக்குப் போனாள். வாசலில் லாரி நின்றது. லாரிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் அவன் வண்டியைப் பழுது பார்க்கப் புகுந்துவிட்டான் என்று தம்பி மனைவி கண்ணாலேயே சொன்னாள். அச்சக்கா பாதங்களுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"காசு வாங்கினதுக்குக் கோபமா?"

உள்ளே ஸ்பானரால் எதையோ தட்டுகிற சத்தம் வந்தது. தட்ட வேண்டிய எதுவும் அந்த இடத்தில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"மைக்கு போட்டிருந்தது என் தப்பு. நாலு பேரு முன்னாடி உன்னை அப்படிச் சொன்னது பெரிய தப்பு. அதுக்கு மன்னிப்பு கேக்குறேன்."

தட்டுவது நின்றது.

"அச்சுக்குக் கேக்க மாட்டேன்."

தட்டுவது மறுபடி ஆரம்பித்தது. முன்னைவிடப் பலமாக. பாதங்கள் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டன. அச்சக்கா இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மருமகளை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, பஸ் பிடித்து வந்துவிட்டாள். பஸ் பாலத்தை நெருங்கியபோது, வழக்கமாகப் பார்க்கிற தூண்களை அன்று அவள் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அவளுடைய கூண்டில் ஒரு புதுப் பழக்கம். கழுத்து வளைந்த அந்த மைக்குக்கு ஒரு குழந்தையின் சாக்ஸை மாட்டிவைத்தாள். மஞ்சள் நிறம், வாத்துப் படம். மருமகள் எப்போதோ அவள் வீட்டில் விட்டுவிட்டுப் போனது. அறிவிப்பு சொல்ல வேண்டுமென்றால் சாக்ஸைக் கழற்றுவாள், சொல்வாள், சுவிட்சை அணைப்பாள், அணைந்துவிட்டதா என்று மெல்ல ஊதிப் பார்ப்பாள், மறுபடி மாட்டுவாள். சூப்பர்வைசர், "என்னம்மா இது?" என்று கேட்டார். "அதுக்குச் சளி பிடிச்சிருக்கு சார்" என்றாள். அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

வெளியே எல்லாம் பழையபடிதான். தலை நீளும், முகவாய் எண்ணும், மூணு அச்சு, நாலு அச்சு. ஆனால் தூரத்தில் நீலத் தார்ப்பாய் போட்ட லாரி தெரிந்தால் கையிலிருக்கும் ரசீது அப்படியே நிற்கும். கிட்டே வந்தால் வேறு யாராவது இருப்பார்கள். "என்னக்கா, என்னையே பார்க்குறே?" என்று ஓட்டுநர் கேட்டால், "டயரைப் பார்த்தேன்" என்பாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. கூண்டிலிருந்து பார்த்தால் ஆறு தெரியும். முதலில் மணல் திட்டு மறைந்தது. அப்புறம் தூணில் இருக்கும் பழைய பாசிக்கோடு மறைந்தது. மேல்பக்கத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது என்று வருகிற ஓட்டுநர்கள் எல்லாம் சொன்னார்கள். அந்த வழி வண்டிகளும் இங்கே திரும்ப, எல்லா வரிசைகளும் வால் நீண்டு கிடந்தன. தம்பியின் லாரி அதில் இல்லை. மாலையில் அவன் மனைவி அழைத்தாள். "வெங்காயம் ஏத்திக்கிட்டுக் கிளம்பினாராம் அண்ணி. இன்னும் வீட்டுக்கு வரல. போனும் எடுக்கல. பாலத்துப் பக்கம் வந்தாரா?"

"வரல" என்றாள் அச்சக்கா.

அடுத்த நாள் காலையில் சாவடி பற்றி எரிகிற மாதிரி இருந்தது. ஹாரன் சத்தம், ஈரப் புகை. அச்சக்கா எண்ணிக்கொண்டே இருந்தாள். எத்தனை எண்ணினாலும் அவள் கண் வரிசையின் வாலிலேயே இருந்தது. கடைசியில் அந்த நீலத் தார்ப்பாய் தெரிந்தது. மடித்துக் கட்டப்பட்டு, லாரி காலியாக வந்தது. பக்கத்து வரிசை குட்டையாகத்தான் இருந்தது. அவன் மாறவில்லை. அங்குலம் அங்குலமாக நகர்ந்து அக்காவின் சன்னலுக்கு நேராக வந்து நின்றான்.

அவன் கண் நேரே சாலையைப் பார்த்தது. கை மட்டும் காசை நீட்டியது. அச்சக்கா தலையை நீட்டினாள். வண்டி காலி, மூன்றாவது அச்சு விதிப்படி மேலே.

"ரெண்டு அச்சு."

புஸ்ஸென்று சத்தம் வந்தது. அச்சு தரைக்கு இறங்கியது.

"மூணு போடு."

"காலி வண்டிக்கு எதுக்குடா மூணு? தூக்கு."

"தூக்க மாட்டேன். தரையில படுறதைத்தானே எண்ணுவே? எண்ணிக்கோ. உன் பாலம் நல்லா இருக்கட்டும்."

சாவடி வரலாற்றில் அதிகம் கட்டுவேன் என்று ஒருவர் சண்டை போடுவது இதுதான் முதல் தடவை. அச்சக்காவுக்கு அவளுடைய விதியே வாயை அடைத்துவிட்டது. தரையில் பட்டால் மூன்றுதான். ஆனால் அது நியாயம் இல்லை. அவன் லாரியிலிருந்து குதித்து இறங்கிச் சன்னலுக்கு எதிரே வந்து நின்றான். சட்டை கசங்கி, கண் சிவந்து, முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அச்சு அவளுக்கு மறந்துபோயிற்று.

"நேத்து எங்கடா இருந்தே?"

"தரைப்பாலத்துக்கிட்ட. தண்ணி வடிஞ்சதும் போகலாம்னு நின்னேன்."

"சரக்கு?"

"முதலாளி வேற லாரியை அனுப்பி மாத்தி ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. வெங்காயம் எனக்காகக் காத்திருக்குமா?"

"தண்ணி ஏறியிருந்தா?"

அவன் முழங்காலில் காய்ந்த சேற்றை உதிர்த்தான். பிறகு, "ஏறிச்சு. சக்கரம் முங்குற வரைக்கும் வந்துச்சு. பின்னாடி எடுத்துட்டேன்" என்றான்.

"ஒரு பேருக்காகவாடா? புட்டிப்பால்னு சொன்னதுக்காக ஆத்துல போயிருப்பியா? நீ போயிட்டா நான் இந்தக் கூண்டுல உட்கார்ந்து எவனை எண்ணுறது?" என்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை.

"அக்கா, பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க."

"அடிக்கட்டும்."

வரிசை ஒரு நிமிடம் தேங்கினாலும் பொறுக்காதவள் அப்படிச் சொன்னதைக் கேட்டு அவனே ஒரு கணம் விழித்தான். பிறகு லாரியின் படியில் ஏறி, உள்ளே கையை விட்டான். புஸ்ஸென்று மூன்றாவது அச்சு மேலே போனது. அச்சக்கா இரண்டு அச்சுக்கு ரசீது அடித்தாள். மிச்சக் காசையும் ரசீதையும் சேர்த்துச் சன்னல் வழியாக நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. அவன் பார்வை கூண்டுக்குள் போயிருந்தது.

"அது என்னக்கா?"

"எது?"

"மைக்குல."

"சாக்ஸு. உன் பொண்ணோடது. தவறிப்போய்க்கூட இனிமே எதுவும் வெளிய போயிடக் கூடாதுன்னு மாட்டி வெச்சிருக்கேன்."

தம்பி அந்த மஞ்சள் வாத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மீசை ஒரு பக்கமாக இழுபட்டது. சன்னலுக்குள் கையை நீட்டினான். அவள் என்ன ஏது என்று கேட்பதற்குள் சாக்ஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மைக்கின் கழுத்தைத் தன் பக்கமாக வளைத்து, சுவிட்சைப் போட்டான். கூரைக் குழாய் ஒருமுறை கீச்சிட்டது. அவன் தொண்டையைச் செருமினான்.

"டேய், வேணாண்டா" என்றாள் அச்சக்கா. அதுவும் எல்லா வரிசைகளுக்கும் கேட்டது.

"அண்ணன்மாரே, எல்லாரும் கேட்டுக்குங்க. நான்தான் புட்டிப்பால். இங்க உட்கார்ந்து உங்க சக்கரத்தை எல்லாம் எண்ணுறது எங்க அக்கா. சின்ன வயசுல வீட்டுல இவங்களுக்கு என்ன பேரு தெரியுமா? மூக்கொழுகி!"

சாவடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஹாரன்கள் கொட்டி முழக்கின. பக்கத்துக் கூண்டில் சூப்பர்வைசர் தேநீரைச் சிந்திக்கொண்டார். அச்சக்காவின் இடது கை ரசீதை நீட்டியபடியே இருந்தது. வலது கை, இடுப்பில் இரண்டு கைக்குட்டைகள் இருப்பதையும் மறந்து, புறங்கையால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டது.